டொமைனில் சர்வரைச் சேர்க்கும்போது வரும் எச்சரிக்கைகள்: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி என்று டெல்டாவில் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், கொஞ்சம் பெரிய அரிசி ஆலை, மருத்துவமனை, கல்லூரி என்றால் உள்ளே ஒரு விண்டோஸ் டொமைன், அதாவது எல்லோருடைய கணக்கையும் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் அமைப்பு, இருக்க வாய்ப்பு உண்டு. எல்லோரும் கோப்புகளைப் போட்டுவைக்க ஒரு லினக்ஸ் சர்வரை அமைத்து, அதை அந்த டொமைனில் சேர்க்கச் சொல்வார்கள். பாலிடெக்னிக்கோ பொறியியலோ முடித்துவிட்டு முதல் வேலையில் இருக்கும் பிள்ளைகள் தலையில்தான் பெரும்பாலும் இது விழுகிறது. பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கிற கட்டளை ஒரே ஒரு வரிதான். அது தோற்றுப்போனால் யாரும் விடமாட்டார்கள், தேடிப் பிடித்துச் சரிசெய்துவிடுவார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அது வெற்றி என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ஒரு எச்சரிக்கையையும் போடும்போது. 'சேர்ந்துவிட்டது' என்பதைப் பார்த்ததும் நிம்மதியாகத் திரையை மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டாவது வரி ஒரு மாதம் கழித்து, தை அறுவடை நெல் வண்டி வாசலில் வரிசையாக நிற்கும்போது, 'ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை' என்ற வடிவத்தில் திரும்பி வரும். அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: திரையில் வந்த ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் தெரிந்த பிறகே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். சில எச்சரிக்கைகளை அப்படியே விடலாம். ஆனால் விடலாம் என்று தெரிந்து விடவேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். டொமைன் பெயர் 'ஏடி.ஆலை.இன்டர்னல்'. டொமைன் கன்ட்ரோலர், அதாவது அந்தக் கணக்குகளை வைத்திருக்கும் இயந்திரம், ஒரு விண்டோஸ் சர்வர், ஐபி 192.168.10.5. நாம் சேர்க்கப்போவது உபுண்டு அல்லது டெபியன் போட்ட ஒரு சாம்பா சர்வர் (லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்தான் சாம்பா), ஐபி 192.168.10.20. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், கணினியில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். வேலையை ஆரம்பிக்கும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கொள்முதல் சூடுபிடித்திருக்கும் வாரத்தில் இதைத் தொடவேண்டாம்.

முதலில் டிஎன்எஸ்

சர்வர் டொமைனைத் தேடிக் கண்டுபிடிப்பது, பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் வழியாகத்தான். 'இந்த டொமைனுக்கு கன்ட்ரோலர் யார்?' என்ற கேள்விக்குப் பதில், எஸ்ஆர்வி என்ற வகைப் பதிவாக உங்கள் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் மட்டுமே இருக்கும். இணையத்தில் உள்ள கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-க்கு உங்கள் ஆலையின் டொமைன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 'டொமைனுக்கு கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற செய்தி வந்தால், பாஸ்வேர்டைச் சந்தேகிக்காமல் நேராக இங்கே வாருங்கள்.

உபுண்டுவில் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால், சர்வர் யாரைக் கேட்கிறது என்று காட்டும். அங்கே 192.168.10.5 மட்டும்தான் இருக்கவேண்டும். 'மட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவதாக 8.8.8.8 போட்டுவைத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உபுண்டுவில் இந்த வேலையைப் பார்க்கும் சேவை, பட்டியலில் உள்ள எல்லா முகவரியையும் சமமாகத்தான் நினைக்கிறது. ஒன்று பதில் தராவிட்டால் அடுத்ததற்குத் தாவும். தாவியபின் அதிலேயே இருந்துவிடும், அது பதில் தருவதை நிறுத்தும்வரை.

இது நம் ஊரில் எப்படி விளையாடும் என்று பாருங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போகிறது, யூபிஎஸ்ஸும் இறங்கிவிடுகிறது. கரண்ட் திரும்பி வந்ததும் லினக்ஸ் சர்வர் சீக்கிரம் எழுந்துவிடும். விண்டோஸ் கன்ட்ரோலர் எழ இன்னும் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் லினக்ஸ் 8.8.8.8-க்குத் தாவுகிறது. 8.8.8.8 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று உடனுக்குடன் பதில் சொல்கிறது. பதில் வருவதால், அது சரியாக வேலை செய்கிறது என்றே சர்வர் நினைக்கிறது. கன்ட்ரோலர் எழுந்து அரைநாள் ஆனாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. மதியம் யாராவது ரீஸ்டார்ட் செய்வார்கள், சரியாகிவிடும், காரணம் யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடி இதே கதைதான். இணையத்துக்கான கேள்விகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில், தனக்குத் தெரியாத கேள்விகளை வெளியே அனுப்ப ஃபார்வர்டர் என்று ஒரு இடம் உண்டு, 8.8.8.8-ஐ அங்கே போடுங்கள். இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் இரண்டையும் சர்வரில் தரலாம், தரவும் வேண்டும்.

இன்னொரு இடத்திலும் சறுக்கும். நீங்கள் ஐபியை நிலையாகக் கொடுத்திருந்தாலும், ஃபைபர் இணைப்போடு வந்த ரூட்டர், ஐபிவி6 வழியாக 'நானும் டிஎன்எஸ்' என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். சர்வர் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஸ்டேட்டஸில் நீங்கள் போடாத நீளமான ஒரு முகவரி தெரிந்தால் அதுதான். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளான் கோப்பில் அந்த அறிவிப்பை ஏற்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய இடங்களில் டொமைன் பெயர் 'டாட் லோக்கல்' என்று முடியும். 2013-இல் அந்த முடிவுப் பெயரை, ஒரே நெட்வொர்க்குக்குள் கருவிகள் ஒன்றையொன்று தேடும் எம்டிஎன்எஸ் முறைக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். லினக்ஸில் அவாஹி என்ற சேவை ஓடிக்கொண்டிருந்தால், டாட் லோக்கல் கேள்விகளை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அடையாளம் எளிது: 'ஹோஸ்ட்' கட்டளை போட்டால் ஐபி வருகிறது, அதே பெயரை 'பிங்' செய்தால் வரவில்லை. இப்படி இருந்தால் அவாஹியை நிறுத்துங்கள், அல்லது பெயர்களை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ஹோஸ்ட்ஸ் வரியில் டிஎன்எஸ் என்ற சொல்லை எம்டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

அப்புறம் கடிகாரம்

டொமைனில் யார் யார் என்று உறுதிசெய்வது கெர்பரோஸ். அது சர்வரின் நேரத்தையும் கன்ட்ரோலரின் நேரத்தையும் ஒப்பிடும். வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், பாஸ்வேர்ட் சரியாகவே இருந்தாலும் ஏற்காது. 'கடிகார விலகல் அதிகம்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும்.

இந்தச் செய்தி வந்ததும் பலர் செய்வது, இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டிலும் காலை 10:15. 'நேரம் சரியாகத்தானே இருக்கிறது' என்று குழம்பிப்போவார்கள். கெர்பரோஸ் பார்ப்பது சுவர்க் கடிகார நேரத்தை அல்ல, உலகப் பொது நேரத்தை. சர்வரை நிறுவும்போது நேர மண்டலத்தை யாரும் மாற்றாமல் விட்டிருப்பார்கள், அது அந்தப் பொது நேரமான யூடிசியிலேயே இருக்கும். பிறகு ஒருவர் வந்து, நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறதே என்று கையால் தள்ளிவைத்திருப்பார். திரையில் பார்க்கச் சரி. ஆனால் உள்ளே அந்தச் சர்வர் உலகத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். 'டைம்டேட்சிடிஎல்' என்று தட்டினால் உள்ளூர் நேரம், பொது நேரம், மண்டலம் மூன்றும் தெரியும். மண்டலம் 'ஏசியா/கொல்கத்தா' என்று இருக்கவேண்டும். மண்டலத்தை முதலில் சரிசெய்துவிட்டு நேரத்துக்கு வாருங்கள், வரிசை மாறினால் மறுபடி தப்பாகும்.

நேரத்தைக் கையால் வைக்கவே வேண்டாம். நேரத்தைத் தானாக ஒத்துவைக்கும் குரோனியை நிறுவி, கன்ட்ரோலரையே நேர மூலமாகக் கொடுங்கள். கன்ட்ரோலர் தன் நேரத்தை வெளியிலிருந்து எடுக்கட்டும். நம் சர்வருக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரே நேரம் இருப்பதுதான் முக்கியம். கன்ட்ரோலர் ஒரு மெய்நிகர் இயந்திரமாக ஓடுகிறது என்றால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அதைத் தாங்கும் இயந்திரம் தன் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது? அது கன்ட்ரோலரிடமிருந்து எடுத்து, கன்ட்ரோலர் அதனிடமிருந்தே எடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு சேர்ந்தே தவறிப்போகும்.

பழைய சர்வர் என்றால் உள்ளே மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்துப்போயிருந்தால், கரண்ட் போய் வரும்போது கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். நகரத்தில் சர்வர் அணைவதே அபூர்வம், அங்கே இது தெரியாமலே ஓடிவிடும். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தபின் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நீண்ட இருட்டுக்குப் பிறகு எழும் இயந்திரத்தின் கடிகாரத்தை நம்பமுடியாது. சில்லறை விலையில் கிடைக்கும் பேட்டரி, சேர்க்கிற அன்றைக்கே மாற்றிவிடலாம்.

பெயர்

சர்வருக்குப் பெயர் வைப்பதில் ஒரு எல்லை இருக்கிறது: 15 எழுத்து. பழைய நெட்பயாஸ் காலத்து எல்லை, இன்றும் கணினிக் கணக்குக்கு அதுதான். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது உண்மையிலேயே இடிக்கும். திருவையாறு கிளைக்கு இரண்டு சர்வர், 'திருவையாறு-எஸ்ஆர்வி1', 'திருவையாறு-எஸ்ஆர்வி2' என்று வைக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஊர்ப் பெயரே 12 எழுத்து, மொத்தம் 17. விண்டோஸ் சர்வரானால், பெயர் சுருக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கை தந்துவிட்டு முதல் 15-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். எண் போய்விட்டது, இரண்டும் ஒரே பெயர். இரண்டாவதைச் சேர்க்கும்போது முதலாவதின் கணக்கோடு மோதும். அந்தக் கணக்கை அது எடுத்துக்கொண்டால் முதல் சர்வர் டொமைனோடு உறவு அறுந்து நிற்கும், அதைத் தொட்டவர்கூட யாரும் இருக்கமாட்டார்கள். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என்று சின்னப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரண சர்வருக்கு 'வெண்ணாறு' என்று பெயர் வைப்போம். 'ஹோஸ்ட்நேம் மைனஸ் எஃப்' என்று கேட்டால், 'வெண்ணாறு.ஏடி.ஆலை.இன்டர்னல்' என்று முழுப் பெயரும் வரவேண்டும். வெறும் 'வெண்ணாறு' என்று வந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். டெபியனும் உபுண்டுவும் நிறுவும்போதே 127.0.1.1 என்ற முகவரியில் சர்வர் பெயரை எழுதிவைக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு, 192.168.10.20, முழுப் பெயர், சின்னப் பெயர் என்ற வரிசையில் ஒரு வரி எழுதுங்கள். முழுப் பெயர் முன்னால் வருவது முக்கியம். மேலே இருக்கும் 127.0.0.1 வரி அப்படியே இருக்கட்டும்.

சாம்பா அமைப்பும் டெஸ்ட்பார்ம் சொல்வதும்

சாம்பாவின் அமைப்புக் கோப்பை எழுதி முடித்ததும், சேர்ப்பதற்கு முன்பே 'டெஸ்ட்பார்ம்' ஓட்டுங்கள். அது கோப்பை முழுதாகப் படித்து, தப்பையும் சந்தேகத்தையும் வரிசையாகச் சொல்லும். பலர் இதைச் சேர்த்தபின் ஓட்டுகிறார்கள், அப்போது சிலவற்றைத் திருத்தக் காலம் கடந்திருக்கும்.

முதலில், விடக்கூடியவை. ஆர்லிமிட்-மேக்ஸ் என்ற எண்ணை 1024-லிருந்து 16384-க்கு உயர்த்துகிறேன் என்று ஒரு வரி வரலாம். ஒரே நேரத்தில் எத்தனை கோப்பைத் திறக்கலாம் என்ற வரம்பு அது. விண்டோஸ் எதிர்பார்க்கும் அளவுக்குச் சாம்பா தானே உயர்த்திக்கொள்கிறது, நீங்கள் செய்ய எதுவும் இல்லை. பலவீனமான குறியாக்கம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற வரியும் தகவல்தான். பழைய கருவிகளோடு பேச வழி விட்டிருப்பதைச் சொல்கிறது, உங்கள் அமைப்பில் தப்பு என்று பொருள் இல்லை.

டொமைன் உறுப்பினர் என்று குறிக்கும் 'செக்யூரிட்டி ஏடிஎஸ்' என்பதோடு 'பாஸ்வேர்ட் சர்வர்' என்ற வரியைச் சேர்த்து வைக்கக்கூடாது என்று ஒரு எச்சரிக்கை உண்டு. இதை விடாதீர்கள். பழைய கோப்பை நகலெடுக்கும்போது இந்த வரியும் கூடவே வந்துவிடும். அது கன்ட்ரோலரின் முகவரியைக் கோப்பில் கட்டிப்போட்டுவிடுகிறது. இன்றைக்கு நன்றாக ஓடும். இரண்டு வருடம் கழித்து நிர்வாகம் புதிய கன்ட்ரோலர் வாங்கி, பழையதை அணைக்கும் நாளில் எல்லாம் நின்றுவிடும். அந்த வரியை அழித்துவிடுங்கள், சரியான கன்ட்ரோலரைச் சாம்பா டிஎன்எஸ் வழியாகத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். டிஎன்எஸ்ஸுக்கு இவ்வளவு நேரம் செலவழித்ததற்குப் பலன் இங்கே கிடைக்கிறது. டொமைன் பயனர்களை லினக்ஸுக்குக் காட்டும் சாம்பாவின் பகுதி வின்பைண்ட், அதன் பிரிப்பானாகக் கூட்டல் குறி போட்டிருந்தால், குழு உறுப்பினர் விஷயத்தில் சிக்கல் வரலாம் என்று இன்னொரு எச்சரிக்கை வரும். அதுவும் நகலில் வந்த பழைய பழக்கம்தான், எடுத்துவிடலாம். 'தெரியாத அமைப்பு, புறக்கணிக்கிறேன்' என்று வந்தால் எழுத்துப் பிழையா என்று பாருங்கள். நீங்கள் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாதுகாப்பு வரி, ஒரு எழுத்துத் தவறியதால் இல்லாமலே போயிருக்கலாம்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது, ஐடிமேப். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் நீளமான ஓர் அடையாள எண் உண்டு. அதன் கடைசிப் பகுதிக்கு ஆர்ஐடி என்று பெயர். லினக்ஸுக்கு அந்த நீள எண் புரியாது, சின்ன முழு எண்தான் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் ஐடிமேப்பின் வேலை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்ற வீச்சை நீங்கள் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால், நட்சத்திரக் குறி போட்ட டொமைனுக்கு வீச்சு குறிப்பிடவில்லை என்றும், வீச்சு செல்லாது என்றும் வரும். நட்சத்திரக் குறி என்பது 'மற்ற எல்லாம்', அதாவது டொமைனுக்கு வெளியே உள்ள உள்ளமைந்த கணக்குகள். அதற்கு 3000 முதல் 7999 வரை, வந்த வரிசையில் எண் தரும் டிடிபி முறையில் கொடுங்கள். உங்கள் டொமைனுக்கு 10000 முதல் 999999 வரை, ஆர்ஐடியை வைத்துக் கணக்கிடும் ரிட் முறையில் கொடுங்கள். சாம்பாவின் சொந்த வழிகாட்டிகளிலும் இந்த எண்களைத்தான் காண்பீர்கள். இரண்டு வீச்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், ஏறுகிறது என்று டெஸ்ட்பார்ம் பிழையாகவே சொல்லும்.

ரிட் முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், கணக்கு நேரானது. ஒருவரின் ஆர்ஐடி 1104 என்றால், 10000-ஐக் கூட்டி, லினக்ஸில் அவர் 11104. எந்தச் சர்வரில் பார்த்தாலும் அதே எண். டிடிபி முறையை டொமைனுக்கும் போட்டுவிட்டால், யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதல் எண். கும்பகோணம் சர்வரில் கணக்காளருக்கு ஒரு எண், மன்னார்குடி சர்வரில் அவருக்கே வேறு எண். ஒரு நாள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை எண்ணோடு நகலெடுத்தால், கணக்காளரின் கோப்பு வேறொருவருக்குச் சொந்தமாகிவிடும். சம்பளப் பட்டியல் அப்படிக் கைமாறினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

வட்டில் உள்ள கோப்புகளின்மேல் இந்த எண்தான் எழுதப்படுகிறது. அதனால் வீச்சைச் சேர்ப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், கோப்புகள் விழ ஆரம்பித்தபின் மாற்றாதீர்கள். 10000-ஐ 20000 என்று மாற்றிய அந்த நிமிடமே பழைய கோப்புகள் எல்லாம் ஆளில்லாதவை ஆகிவிடும். அலுவலகத்தில் இரண்டாவது சாம்பா சர்வர் வந்தால், இதே எண்களை அப்படியே எழுதுங்கள். 'ஐடிமேப் யூஐடி', 'ஐடிமேப் ஜிஐடி' என்ற பழைய வரிகள் கைவிடப்பட்டவை என்று எச்சரிக்கை வந்தால் அவற்றை அழித்துவிட்டு இந்தப் புதிய வடிவில் எழுதவும்.

சேர்ப்பது

முதலில் 'கே-இனிட்' போட்டு, டொமைன் நிர்வாகியின் பெயரில் ஒரு கெர்பரோஸ் சீட்டு வாங்கிப் பாருங்கள். டொமைன் பெயரை இங்கே பெரிய எழுத்தில் தரவேண்டும். சீட்டு வந்துவிட்டால் டிஎன்எஸ், கடிகாரம், பாஸ்வேர்ட் மூன்றும் பெரும்பாலும் சரி. பிறகு 'நெட் ஏடிஎஸ் ஜாயின்'. எந்தப் பயனரின் பெயரில் சேர்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வழக்கமான அமைப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் 10 கணினிகள் வரைதான் சேர்க்கமுடியும். புதிதாக வந்த ஒருவரே எல்லாக் கணினியையும் சேர்த்துக்கொண்டு வந்தால், பதினொன்றாவதில் திடீரென்று மறுக்கும்.

'வொர்க்குரூப்' பொருந்தவில்லை என்று ஒரு செய்தி வரலாம். சாம்பா கோப்பில் நீங்கள் எழுதிய பெயரும், டொமைனின் சின்னப் பெயரும் வேறு வேறு என்று பொருள். டொமைன் 'ஏடி.ஆலை.இன்டர்னல்' என்பதால் சின்னப் பெயர் 'ஆலை' என்று ஊகித்திருப்பீர்கள், ஆனால் விண்டோஸ் தானாக வைப்பது முதல் துண்டான 'ஏடி'. அமைத்தவர் மாற்றியிருந்தால் வேறாகவும் இருக்கும். ஊகிக்கவேண்டாம், செய்தியிலேயே எந்தப் பெயரை எழுதவேண்டும் என்று இருக்கும். அதை எழுதி, மறுபடி சேருங்கள். ஐடிமேப் வரிகளிலும் இதே சின்னப் பெயர்தான் வரவேண்டும். வொர்க்குரூப்பைத் திருத்திவிட்டு அங்கே திருத்த மறந்தால், டொமைன் பயனர்கள் எல்லோரும் நட்சத்திரக் குறி வீச்சுக்குள் போய் விழுவார்கள்.

விண்டோஸ் சர்வரைச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. பழைய சர்வரை அழித்து, அதே பெயரில் புதிதாக நிறுவிச் சேர்த்தால், இந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது, பாதுகாப்புக் கொள்கையால் மறுபயன்பாடு தடுக்கப்பட்டது என்று வரலாம். 2022 அக்டோபரில் வந்த பாதுகாப்பு மேம்பாட்டிலிருந்து இப்படித்தான். கணக்கை முதலில் உருவாக்கியவரே சேர்க்கலாம், அல்லது டொமைன் நிர்வாகியிடம் சொல்லிப் பழைய கணக்கை நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். தடையைச் சுற்றிப்போக ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் குறுக்கு வழிகளை எடுக்கவேண்டாம். விண்டோஸ் டைரக்டரியின் டீபக் ஃபோல்டரில் நெட்செட்அப் என்ற பதிவுக் கோப்பு இருக்கும், சேரும்போது நடந்தது அத்தனையும் அதில் நேரத்தோடு இருக்கும்.

கிளை அலுவலகத்திலிருந்து விபிஎன் வழியாகச் சேர்க்கிறீர்கள் என்றால், இடையில் உள்ள ஃபயர்வாலில் 53, 88, 135, 389, 445, 464 ஆகிய போர்ட்டுகளும், 49152-லிருந்து 65535 வரையும் திறந்திருக்கவேண்டும்.

வெற்றிக்குக் கீழே வரும் வரி

சரி, 'டொமைனில் சேர்ந்தது' என்று வந்துவிட்டது. அதற்குக் கீழே, 'டிஎன்எஸ் டொமைன் அமைக்கப்படவில்லை, டிஎன்எஸ் புதுப்பிக்க இயலவில்லை' என்றோ, 'டிஎன்எஸ் புதுப்பிப்பு தோல்வி' என்றோ இருக்கிறதா?

சர்வர் சேர்ந்துவிட்டது உண்மை. ஆனால் 'வெண்ணாறு என்றால் 192.168.10.20' என்ற பதிவு கன்ட்ரோலரில் விழவில்லை. மற்ற கணினிகளில் பெயரைத் தட்டினால் திறக்காது, ஐபியைத் தட்டினால் திறக்கும். உடனே எல்லோர் மேசைத் திரையிலும் ஐபியை வைத்தே ஷார்ட்கட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஐபியில் போனால் கெர்பரோஸ் வேலை செய்யாது, பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிடும். பாதுகாப்பைக் கூட்டும் நோக்கில் அந்தப் பழைய முறையை என்றைக்கு நிறுத்துகிறார்களோ, அன்றைக்கு எல்லா ஷார்ட்கட்டும் ஒரே நேரத்தில் செத்துவிடும்.

முதல் வகைச் செய்திக்குக் காரணம் அந்த 127.0.1.1 வரிதான், முழுப் பெயர் தெரியாததால் புலம்புகிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்திவிட்டு 'நெட் ஏடிஎஸ் டிஎன்எஸ் ரிஜிஸ்டர்' கட்டளையை, கணினிக் கணக்கிலேயே ஓடச்சொல்லும் 'மைனஸ் பெரிய பி' சேர்த்துப் போடுங்கள். மறுபடி சேர்க்கத் தேவையில்லை. இரண்டாவது வகை வந்தால், கன்ட்ரோலரில் டிஎன்எஸ் மேலாளரைத் திறந்து, அதே பெயரில் பழைய பதிவு ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். முன்பு இருந்த சர்வரின் கணக்கு அதற்கு உரிமையாளராக இருந்தால், புதிய சர்வரால் அதை மாற்றமுடியாது. அதை நீக்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவசரம் என்றால் கையாலேயே, பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஒரு 'ஏ' பதிவை எழுதிவிடலாம், சர்வருக்கு ஐபி நிலையாக இருப்பதால் அது போதும்.

சரிபார்ப்பது

'நெட் ஏடிஎஸ் டெஸ்ட்ஜாயின்' போட்டால், சேர்க்கை சரி என்று ஒரு வரி வரவேண்டும். 'டபிள்யூபிஇன்ஃபோ மைனஸ் டி' கன்ட்ரோலருடனான நம்பிக்கைப் பிணைப்பைச் சோதிக்கும், 'மைனஸ் யு' பயனர் பட்டியலைத் தரும். பிறகு ஒரு பயனரின் பெயரைக் கொடுத்து 'கெட்என்ட் பாஸ்வேர்ட்' கட்டளை ஓட்டுங்கள், கட்டளையில் பாஸ்வேர்ட் என்பதைச் சுருக்கி ஆறு எழுத்தில் எழுதுவார்கள். பட்டியலில் வருகிறவர் கெட்என்டில் வரவில்லை என்றால், லினக்ஸுக்கு வின்பைண்டிடம் கேட்கத் தெரியவில்லை. லிப்என்எஸ்எஸ்-வின்பைண்ட் தொகுப்பு நிறுவப்பட்டதா, என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் பாஸ்வேர்ட், குரூப் இரண்டு வரிகளிலும் வின்பைண்ட் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். வந்த எண் 10000-க்கு மேலே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 3000-சொச்சம் என்று வந்தால், ஐடிமேப் வரியில் டொமைனின் சின்னப் பெயர் தப்பு. இதை இப்போதே திருத்துங்கள், ஒரு கோப்பும் விழுவதற்கு முன்னால்.

கடைசியாக ஒரு சோதனை, நம் ஊருக்கு இது கட்டாயம். மாலையில் எல்லோரும் போனபிறகு, கன்ட்ரோலரையும் சாம்பா சர்வரையும் முறைப்படி அணையுங்கள். பிறகு சாம்பாவை முதலில் போடுங்கள். பத்து நிமிடம் விட்டுக் கன்ட்ரோலரைப் போடுங்கள். நீங்கள் எதையும் தொடாமல், ஒரு பயனர் கணினியிலிருந்து பெயரைத் தட்டி ஷேர் ஃபோல்டர் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மழைக்காலத்தில் உங்களுக்குத் தொலைபேசி வராது. திறக்காவிட்டால் ரீஸ்டார்ட் செய்து மறைத்துவிடாதீர்கள். சர்வர் அந்த நிலையில் இருக்கும்போதே ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸையும் டைம்டேட்சிடிஎல்லையும் பார்த்து, சாம்பா பதிவுகளில் வின்பைண்டின் கோப்பைப் படியுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் காரணம் தெரிந்துவிடும்.

சர்வர் மெய்நிகர் இயந்திரம் என்றால், ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்துப் பழையதற்குத் திரும்பும் பழக்கத்தில் கவனம் வேண்டும். கணினிக் கணக்குக்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு. சாம்பா அதை 7 நாளுக்கு ஒருமுறையும், விண்டோஸ் 30 நாளுக்கு ஒருமுறையும் தானாக மாற்றும். ஒரு மாதம் முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் சர்வரிடம் பழைய பாஸ்வேர்டும் கன்ட்ரோலரிடம் புதியதும் இருக்கும், பிணைப்பு அறுந்துவிடும். அப்போது மறுபடி சேர்க்கவேண்டியதுதான். சாம்பா கோப்பின் நகலையும், ஐடிமேப்பில் கொடுத்த நான்கு எண்களையும் சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் எழுதிவைத்திருந்தால், கோப்புகளின் உரிமையாளர் யாரும் மாறாமல் அரைமணியில் சேர்த்துவிடலாம்.